அழைப்பிதழில் இடம் போதாத நன்றிகள்

எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் என் கண்ணாடி வேலைகளைப் பார்வைக்கு வைக்கிறேன். அழைப்பிதழின் கடைசி வரியில் 'நன்றி: நண்பர்கள், உறவினர்கள்' என்று அச்சாகி வந்திருக்கிறது. பார்த்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் கண்ணாடிக் கலைஞர் கிடையாது. கண்ணாடி அறுப்பவர், சூளையில் வேலை பார்த்தவர், கல்லறைக் கல் செதுக்குபவர், செல்போன் ரிப்பேர் செய்பவர், மீன் விற்பவர் என்று ஆளுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையெல்லாம் சேர்த்ததுதான் என் படிப்பு. பேர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால், எல்லோரையும் நான் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கண்ணாடித் துண்டுகளை அடுக்கி மின்சூளைக்குள் வைத்து 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் எல்லாம் இளகி ஒரே பலகையாகிவிடும். அந்தப் பலகையை ஓர் அச்சின்மேல் வைத்து மறுபடி 700 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தானாகத் தொய்ந்து தட்டாகவோ கிண்ணமாகவோ ஆகும். குழாய் வைத்து ஊதுகிற வேலை இதில் கிடையாது. சூளையை மூடிய பிறகு கைக்கு வேலையே இல்லை.

முதல் நன்றி தேவராஜ முதலி தெரு கண்ணாடிக்கடை பாய்க்கு. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே அழுத்தத்தில், ஒரே தரம் கோடு இழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "கண்ணை விடும்மா, காதைக் குடு" என்பார். கோடு சரியாக விழுந்தால் சத்தம் ஆரம்பம் முதல் கடைசி வரை அறுபடாமல் வரும். விழாத இடத்தில் அதே கோட்டின்மேல் மறுபடி இழுத்தால் கட்டரின் சக்கரமும் போச்சு, கண்ணாடியும் போச்சு. கோடு போட்ட கையோடு உடைத்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து உடைக்கலாம் என்றால் அது தன்னிஷ்டத்துக்குப் பிளக்கும். இதையெல்லாம் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது நின்று சொல்லிக்கொடுத்தார் பாய்.

அதைவிடப் பெரிய உதவி, வெட்டிய மிச்சத்தை எனக்காக ஷீட் வாரியாகப் பிரித்து மார்க்கரில் குறித்து வைத்தது. எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு விரிந்து சுருங்குவதில்லை. சூடாக இருக்கும்போது எதுவும் எதோடும் ஒட்டும். ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கும், மற்றது விடாது, கடைசியில் விரிசல். இந்த விரிவுக்கு ஓர் எண் உண்டு. கலைவேலைக்கென்றே வெளிநாட்டில் செய்யும் வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் 90 அல்லது 96. நம் ஜன்னல் கண்ணாடி அதற்கும் கீழே, எண்பதுகளில். எண் ஒத்துப்போனாலும் போதாது, இளகும் பதமும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் ஒரே ஷீட்டின் துண்டுகளை ஒன்றாகப் போட்டுக்கொள்வது உத்தமம். இன்னொன்றும் பாயிடம்தான் தெரிந்துகொண்டேன். 1959இல் பில்கிங்டன் கம்பெனி அறிவித்த முறைப்படிதான் இன்றைக்கும் ஜன்னல் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுகிறது. வெள்ளீயம் தொட்ட பக்கம் சிற்றலைப் புற ஊதா விளக்கில் மங்கலாக ஒளிரும். தொய்யவைக்கும்போது அந்தப் பக்கம் உள்வளைவில் வந்தால் வெண்மையாகப் பூத்துவிடக்கூடும். பாய் அந்த விளக்கைக் காட்டித் துண்டுகளில் 'மேல்' என்று எழுதியே தருவார்.

(உடைந்த வளையல்களைப் பை பையாகக் கொண்டுவந்து தரும் தெருப் பெண்களுக்கும் நன்றி. ஆனால் போதும். ஒரு வளையலின் கண்ணாடி இன்னொரு வளையலோடு சேராது. வாசலில் கோலத்துக்கு வேண்டுமானால் பதிக்கலாம்.)

அடுத்து திருவொற்றியூர் ஐயா. அரவைச் சக்கரம் செய்யும் கம்பெனியில் சூளைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே 1,200 டிகிரிக்கு மேல் சுட்டுப் பழகியவருக்கு என் சூளை பொம்மை அடுப்பு. சிரிக்காமல் வந்து உட்கார்ந்தார். "ஏத்துறதுக்கு கரண்ட் போதும்மா, எறக்குறதுக்குத்தான் ஆள் வேணும்" என்று அவர் சொன்னது இந்தக் கலையில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி. அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் சுவரில் ஒட்டியிருக்கிறது, நான்கு எம்.எம். கண்ணாடி இரண்டு அடுக்குக்கு. 540 வரை நிதானமாக ஏற்று. 680இல் அரைமணி நேரம் நிறுத்து, அடுக்குக்கு நடுவில் இருக்கும் காற்று வெளியேறட்டும். அங்கிருந்து 820க்கு விரசாக ஓட்டு, வழியில் தயங்கினால் மேற்பரப்பு படிகமாகிப் பளபளப்புப் போகும். பத்து நிமிஷம். திரும்ப 550க்கு இறக்கி ஒரு மணி நேரம் பிடி. அப்புறம் 400 வரைக்கும் மணிக்கு 80 டிகிரி வீதம் இறக்கு. அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு, 'மூடியைத் திறக்காதே' என்று எழுதி, அதற்கும் கீழே சின்னதாக, 'எட்டிப் பார்க்கவும் கூடாது.'

அந்தப் பிடித்து நிறுத்தும் நேரத்தில்தான் கண்ணாடி முழுக்க ஒரே சூட்டுக்கு வருகிறது, உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் ஆற்றும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கையிருப்பில் இருந்த தடிமனான ஒரு கட்டிக்கு இரண்டு நாள் முழுக்கச் சூளையை விட்டுவைக்கச் சொன்னார் ஐயா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லைப் பார்த்தும் வாயைத் திறக்காத என் வீட்டுக்காரருக்கு இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

சூளைப் பலகையில் கண்ணாடி ஒட்டாமல் இருக்க அலுமினா ஹைட்ரேட்டும் சீனக் களிமண்ணும் கலந்து பூசுவதும் ஐயாவின் பாடம்தான். பூச்சைச் சுரண்டும்போது மாஸ்க் போடாமல் இருந்தால் அன்றைக்கு மட்டும் நிஜமாகவே கோபம் வரும். நுரையீரலைப் பற்றி அவர் பேச மாட்டார். கூட வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பேசுவார்.

இனி எம்.சி. ரோடு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி. கண்ணாடி சரியாக ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கு நன்றாக இருக்கும், ஆறு மாதம் கழித்து அலமாரியிலேயே 'டொக்'. உள்ளே இறுக்கம் மிச்சமிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது முனைவாக்கப்பட்ட ஒளி, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி. அதற்கான கருவியை விலைக்கு விசாரித்துக்கொண்டிருந்தபோது, தம்பி உடைந்த மானிட்டர் ஒன்றிலிருந்து ஒரு ஃபிலிமை உரித்துக் கையில் கொடுத்து, வேலை செய்கிற இன்னொரு மானிட்டரில் வெள்ளைத் திரையைப் போட்டார். ஃபிலிமைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்துவிடுகிறது. இப்போது நடுவே கண்ணாடியை நீட்டினால், நன்றாக ஆறிய துண்டு கறுப்பாகவே இருக்கும். இறுக்கம் உள்ள துண்டில், இரண்டு கண்ணாடி சேரும் ஓரம் பளிச்சென்று வெள்ளையாக எரியும். காசு வாங்கவில்லை. "அக்கா, எனக்கே இது இப்பதான் தெரியும்" என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவிலிருந்து துணிகளுக்கு நடுவில் வண்ணக் கண்ணாடி சுற்றிக்கொண்டுவந்த அக்கா மகளுக்கு ஒரு முத்தம். அதைச் செய்வது போர்ட்லாந்தில் 1974இல் தொடங்கிய புல்ஸ்ஐ கம்பெனி. தங்கள் கண்ணாடிகள் ஒன்றோடொன்று சேருமா என்று சோதித்தே விற்பார்கள். தொழில்நுட்பக் குறிப்புகளை யாரும் படிக்கலாம் என்று இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். அதற்கு ஆற்றும் சூடு வேறு, 482 டிகிரி. ஐயா அதற்குத் தனிக் காகிதம் எழுதினார்.

காசிமேட்டில் கல்லறைக் கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் ஓரம் தேய்க்கக் கற்றேன். கார்போரண்டம் தூள் 80இல் ஆரம்பித்து 220, 400, 600 என்று போக வேண்டும், ஒரு பருமனின் கீறல் முழுக்கப் போகாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது, தண்ணீர் விடுவதை நிறுத்தவே கூடாது. வேறொருவருடைய பேர் பாதி செதுக்கியிருக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு தேய்ப்பது முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பழகிவிட்டது.

மீன் தட்டுகளைப் பார்த்துப் பாராட்டுகிறவர்கள் எங்கள் மீன்கார அக்காவுக்குச் சொல்லுங்கள். வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே வரிசையாக இருக்கும் குட்டிக் குட்டித் துடுப்புகளை விரலால் நிமிர்த்திக் காட்டினார். "இது இல்லேன்னா வஞ்சிரம்னு சொல்லி எவன்கிட்ட விப்ப?" அந்தத் துடுப்புகளுக்காகவே கண்ணாடியை நூலாக இழுக்கப் பழகினேன். செதிலுக்கு இரண்டு அடுக்குக்கு நடுவில் செம்புத் தகடு. காற்று பட்ட இடம் கறுத்துப்போகும், படாத இடத்தில் சிவப்பு நிற்கும். அதைக் கறுப்பு எது சிவப்பு எது என்று முழுக்க நம் இஷ்டத்துக்கு வரவழைக்க முடியாது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

சூளைக்குத் தனி லைன் இழுத்து, எர்த் போட்டு, மூடியைத் தூக்கினாலே கரண்ட் நின்றுவிடுகிற மாதிரி சுவிட்ச் வைத்துக்கொடுத்த எலக்ட்ரீஷியன் மாமாவுக்கு நன்றி. சூளைக்குள் சூட்டை அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் தேய்ந்துபோகிற பொருள் என்று சொல்லி, அவ்வப்போது கேட்காமலே வந்து பார்க்கிறார்.

கடைசியாக, தெருமுனை கேரம் கிளப் பசங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்ணீர் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை, சூளை தரைத்தளத்தில். சூளையின் உள்ளே இருக்கும் செங்கல் தண்ணீரைக் குடித்துவிட்டால் உலர்த்தி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் கூப்பிடவே இல்லை. கிளப்புக்குள்ளேயே தண்ணீர் வந்துகொண்டிருக்க, பசங்க முதலில் இங்கே வந்து, ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய எங்கள் மாடிப்படியில் சூளையைச் சாய்த்து, நிமிர்த்தி, திட்டிக்கொண்டே மேலே சேர்த்தார்கள். அவர்களுடைய போர்டு ஒன்று நனைந்து உப்பிவிட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றதற்கு, ஸ்ட்ரைக்கர் மாதிரி கண்ணாடியில் ஒன்று செய்து தாங்கக்கா என்றார்கள். செய்திருக்கிறேன், பார்வைக்கு வைக்கும் மேஜையில் இருக்கும். ஆட்டத்துக்கு உதவாது, உடைந்துவிடும்.

கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம். அன்றைக்குச் சூளை ஆறியிருக்கும், ஐயாவும் இருப்பார். நைலான் துணி வேண்டாம், பருத்தி போட்டுக்கொள்ளுங்கள். மூடிய செருப்போ ஷூவோ அவசியம், எவ்வளவு பெருக்கினாலும் தரையில் தூள் இருக்கும். வளையல் கொண்டுவர வேண்டாம்.