இருபத்தோரு நாளுக்குப் பின்

பள்ளத்தூர்,
பங்குனி 10

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரி அம்மா, சரி அம்மா" என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். தாளில் எழுதினால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் இந்த ஏற்பாடு.

குஞ்சு பொரிக்கும் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால், "இனிமேல் அடைக்கோழியைத் தேடி அலைய வேண்டாம், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பினாயே, அந்த 'எல்லாவற்றையும்' என்ற சொல்லில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. 21 நாள் வேலையை உன் பெட்டி பார்த்தது. 22ஆம் நாளிலிருந்து தாய்க்கோழி பார்க்க வேண்டிய வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

பெட்டியில் 30 குழிகள். நம் வீட்டுச் சிறுவிடை, அதுதான் சின்ன உடம்பு நாட்டுக்கோழி, அதன் முட்டை 12 வைத்தேன். கல்லலிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பெரிய உடம்புப் பெருவிடை 6, எதிர்வீட்டு மொட்டைக்கழுத்து 4, மாமாவின் சிநேகிதர் வளர்க்கும் கருங்கோழி 4. ஆக 26. மீதி நாலு குழி காலியாக இருந்தது உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் நாலு கின்னிக்கோழி முட்டை வாங்கி வந்து, நான் பால் வாங்கப் போன நேரம் பார்த்து வைத்துவிட்டார். கோழி முட்டை 21 நாளில் பொரியும். கின்னிக்கோழி வேறு பறவை, அதற்கு 26 முதல் 28 நாள் வேண்டும். ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டால் எல்லோரும் ஒரே ஊரிலா இறங்குவார்கள்? பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்த நாலு முட்டைதான் வித்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

சத்துணவுக் கூடத்தில் 28 வருடம் முட்டை எண்ணியவள் நான். தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கியே பழகிய கை. ஆனால் அடை வைக்கிற முட்டையை நனைக்கக் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, அது கழுவப்பட்டால் கிருமி உள்ளே போய்விடும். அதனால் துணியால்கூடத் துடைக்காமல், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு வைத்தேன். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் திருப்பினேன். உன் அப்பத்தா அடை வைக்கும்போது கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்களே, நினைவிருக்கிறதா? மின்சாரப் பெட்டிக்குள் போட முடியாதல்லவா, மூடியின் மேலே வைத்தேன். சிரிக்காதே. மாசியில் ஒருநாள் இடி இடித்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். கரு பிடித்த முட்டைக்குள் சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்பாக நரம்பு ஓடுகிறது. கோழி முட்டையில் நாலு கூமுட்டை. பராமரிப்புக்காக ஒருநாள் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்தி, மணிக்கு ஒரு முறை வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். 37.5 டிகிரியில் நிற்க வேண்டியது 36க்கு இறங்கியபோது எனக்குத்தான் காய்ச்சல் வந்தது போல் இருந்தது.

16ஆம் நாள் நம் செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. கூடைப் பக்கம் போனால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமுகிறது. 18ஆம் நாளோடு கோழி முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும், கின்னிக்கோழி முட்டையையோ இன்னும் ஒரு வாரம் திருப்ப வேண்டும். அதனால் அந்த நாலையும் எடுத்துச் செவலைக்குக் கொடுத்தோம். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

20ஆம் நாள் மாலை முதல் முட்டையில் ஒரு மிளகு அளவு ஓடு பெயர்ந்தது. உள்ளிருந்து கீச்சென்று சத்தம். அப்புறம் மணிக்கணக்கில் ஒன்றுமே இல்லை. உன் அப்பா தவித்துப்போய், உரித்துவிடலாம் என்று கையை நீட்டினார், தட்டிவிட்டேன். மூக்குக் குத்தியதிலிருந்து வெளியே வர அரை நாளும் ஆகும், ஒரு நாளும் ஆகும். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உள்தோலில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடம்புக்குள் இறங்குகிறது, மிச்ச மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து செத்துவிடும். அந்த மஞ்சள் கரு உள்ளே போவதால்தான், பொரித்த குஞ்சு இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் தாங்குகிறது. மறுநாள் இரவுக்குள் 18 குஞ்சுகள் வந்துவிட்டன. நாலு ஓட்டுக்குள்ளேயே நின்றுபோயின.

நனைந்த கந்தலைப் போல விழுந்தவை, விடிவதற்குள் காய்ந்து பஞ்சாகிவிட்டன. சிறுவிடை ஒன்பதும் ஒன்பது நிறம். முதுகில் அணில் கோடு போட்டது, சாம்பல், வெளிர்மஞ்சள். பெருவிடை நாலும் பிறக்கும்போதே காலும் எலும்புமாக, சண்டியர்களைப் போல நின்றன. மொட்டைக்கழுத்து மூன்று. கழுத்தில் ஒரு மயிர் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்துத்தானே பாப்பா, "அப்பத்தா, இதுக்கு ஏன் சட்டை சரியாகப் போடவில்லை?" என்று கேட்டாள்? அது நோய் இல்லை, பிறவியே அப்படித்தான் என்று அவளிடம் சொல். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் கெட்டிக்கார உடம்பு. கருங்கோழி இரண்டுதான் தேறின. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துச் சாதி, கடக்நாத் என்பார்கள். 2018இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அலகும் காலும் கறுப்பு. உருவத்தில் எல்லாவற்றிலும் சிறியவை அவைதான்.

வழக்கமாக என்ன செய்வேன்? இரவோடு இரவாக அடைக்கோழியின் இறக்கைக்கு அடியில் குஞ்சுகளைச் செருகிவிடுவேன். விடிந்ததும் தான் பொரித்தவை என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் இப்போது செவலைக்குக் கீழே கின்னிக்கோழி முட்டைகள். குஞ்சைக் கொடுத்தால் முட்டையைப் போட்டுவிட்டு எழுந்துவிடும். நாலு முட்டைக்காகப் பதினெட்டும் தாயில்லாமல் நின்றன. உன் அப்பா அன்று முழுக்க என் கண்ணில் படாமல் தோட்டத்திலேயே இருந்தார்.

முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் விட்டு 60 வாட் பல்பைத் தொங்கவிட்டேன். இரண்டாம் இரவு பல்பு பியூஸ் போய்விட்டது. காலையில் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் ஒரு சிறுவிடை நசுங்கிச் செத்திருந்தது. மூலை இருக்கிற இடத்தில் குஞ்சை விடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? சோம்பல்தான். அன்றே உன் அப்பா தகரத்தை வளைத்து வட்டமாக அடைப்புக் கட்டினார், பல்பும் இரண்டானது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்தாகக் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. நான் வெப்பமானியைவிடக் குஞ்சைத்தான் பார்ப்பேன். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். தகரத்தோடு ஒட்டி வாயைப் பிளந்தால் சூடு. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நானும் போய்ப் படுக்கலாம்.

அடுத்த சண்டை தரையால் வந்தது. வட்டத்தை வைத்தது பட்டாலைக் கூடத்தில், உன் அப்பா தன் கையால் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல். கண்ணாடியின் மேல் சாந்தை வார்த்துச் செய்கிற கல் கண்ணாடி போலத்தானே வழுக்கும்? அதன் மேல் செய்தித்தாள் வேறு. மூன்றாம் நாள் ஒரு பெருவிடைக்கும் ஒரு மொட்டைக்கழுத்துக்கும் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டன. எழுந்து நிற்கப் பார்த்து, வயிறு தரையில் பட, துடுப்புப் போடுவது போல உதைத்துக்கொண்டிருந்தன. "முப்பது வருடமாக மனுஷர்கள் நடக்கிற தரை, குஞ்சுக்குத்தான் வழுக்கிவிட்டதாக்கும்" என்றார். தன் கல்லைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது, உனக்குத் தெரியும்.

ஒட்டுப் பிளாஸ்திரியை மெல்லிய நாடாவாக வெட்டி, இரண்டு காலுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு, எட்டு வடிவில் சுற்றினேன். அவர்தான் குஞ்சைப் பிடித்துக்கொண்டார். கல் பதித்துத் தழும்பேறிய அந்தக் கைக்குள் குஞ்சின் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு புதுவயல் அரிசி ஆலையிலிருந்து ஒரு மூட்டை உமி கொண்டுவந்து இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, மேலே சாக்கு விரித்தார். கட்டிய மூன்றாம் நாள் அவிழ்த்தேன். பெருவிடை உடனே ஓடியது. மொட்டைக்கழுத்து ஒரு நாள் நொண்டிவிட்டுச் சரியாகிவிட்டது.

தண்ணீர் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆற வைத்த வெந்நீர், தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தேன், விழுந்து மூழ்காமல் இருக்க. பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்ட இரண்டை வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிட்டேன்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து. 100 குஞ்சுக்கான மருந்து ஒரே குப்பியில் வருகிறது, கரைத்தால் உடனே போட்டு முடிக்க வேண்டும். நம்மிடம் இருப்பது பதினேழு. தெரு முழுக்கச் சொல்லி அனுப்பினேன். கூடையிலும் பஞ்சாரத்திலுமாகக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தை வைத்துக்கொண்டு கண்ணுக்கு ஒரு சொட்டாகப் போட்டேன். சொட்டு விழுந்ததும் விடக் கூடாது, கண்ணை மூடித் திறக்கிற வரை பிடித்திருக்க வேண்டும். நம் வாசலில் பால்குடத்து நாள் போலக் கூட்டம். பால்குடம் என்றதும் நினைவு வருகிறது, முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். சரி, விடு.

சொட்டு மருந்து போட்டதற்கு முந்தின இரவுதான் கின்னிக்கோழி மூன்று பொரித்திருந்தன. இப்போதாவது செவலை இவற்றையும் சேர்த்துக்கொள்ளாதா என்று இரண்டு கருங்கோழிகளையும் இருட்டில் அதன் அடியில் விட்டேன். விடிந்ததும் ஒன்றின் மண்டையில் கொத்திவிட்டது. கறுப்பு நிறம் பிடிக்கவில்லை என்றார் அப்பா. மறுநாள் அதே செவலை நிறத்துச் சிறுவிடை ஒன்றை விட்டுப் பார்த்தேன், அதற்கும் கொத்துதான். நிறமில்லை, வயது. ஒரு வாரம் போன குஞ்சு அதன் கணக்கில் யார் வீட்டுப் பிள்ளையோ. ஓட்டிலிருந்து வந்த சூட்டோடு கிடைத்த மூன்றையும், அவை கோழி இனமே இல்லை என்றாலும், உயிராக வைத்திருக்கிறது.

இப்போது நாலு வாரம் ஆகிறது. காக்கை ஒரு சிறுவிடையைத் தூக்கிவிட்டது, அரை நிமிடம் அடைப்பு திறந்திருந்ததற்கு. மிச்சம் 16. பெருவிடைகள் மற்றவற்றைப் போல ஒன்றரை மடங்கு, மூன்றாம் வாரமே நெஞ்சோடு நெஞ்சு முட்டி எம்பிப் பார்க்கின்றன. சேவலைச் சண்டைக்கு விலை பேச ஒருவர் வந்தார், மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். தீனித் தட்டு ஒன்றே இருந்தபோது இந்தச் சண்டியர்கள் மிதித்து, கருங்கோழிகள் இரைப்பை காலியாகவே நின்றன. சத்துணவில் ஒன்றாம் வகுப்பை முதலில் உட்கார வைப்பேனே, அதே ஏற்பாடுதான் இங்கும். சிறியவற்றைத் தனியாகப் பிரித்து முதல் பந்தி. ராத்திரி எல்லாம் ஒன்றாகவே படுக்கின்றன.

பெட்டியைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. அடுத்த முறை அடைக்கோழிக்கும் பெட்டிக்கும் ஒரே நாளில் முட்டை வைத்து, 21ஆம் இரவில் எல்லாவற்றையும் கோழிக்கு அடியில் விட்டுவிடுவேன். கின்னிக்கோழி முட்டை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்று உன் அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. நீயும் ஒரு வார்த்தை சொல்.

காலையில் அவர் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கரையான் எடுத்து வந்தார். பழைய பானையில் ஈரச்சாக்கும் சாணியும் அடைத்து, செம்மண் மேட்டில் முதல் நாள் மாலையே கவிழ்த்து வைத்திருந்தார். தோட்டத்தில் உதறியதும் செவலை 'க்ளக் க்ளக்' என்று குரல் மாற்றிக் கூப்பிட்டது, மூன்று கின்னிக்குஞ்சுகளும் ஓடின. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் இருந்த பதினாறும், எந்தத் தாயும் ஒரு நாளும் கூப்பிட்டிராதவை, அந்தக் குரலுக்குத் தலையைத் தூக்கி, ஒரே ஓட்டமாக ஓடிவந்து வலையில் முட்டி நின்றன. கறுப்பு இரண்டும்கூட. பாதிக் கரையானை இந்தப் பக்கம் கொட்டச் சொன்னேன். இப்போது அது கூப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் இந்தப் பக்கமும் தீனி போடுகிறோம்.

மறுபடியும் கூப்பிடுகிறது. போகிறேன்.

அன்புடன்,
அம்மா