அளவுகோல ஆகஸ்ட்லயே சொல்லிடுங்க: காலேஜ் ஃபுட்பால் ப்ளேஆஃப் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

காலேஜ் ஃபுட்பால் ப்ளேஆஃப் செலெக்‌ஷன் கமிட்டில இருக்குற எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல சீசன் முடிவுல பட்டத்துக்கு மோதப்போற டீம்கள எடுக்குறவங்க நீங்கதான்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் எந்த காலேஜுக்கும் வேண்டப்பட்ட ஆள் இல்ல. ஃப்ளோரிடா ஸ்டேட்லயோ நாட்டர் டேம்லயோ நான் படிக்கல, எங்க வீட்டுல யாரும் படிக்கல. சனிக்கிழமை மத்தியானம் டிவி முன்னாடி உக்காந்தா ராத்திரி வெஸ்ட் கோஸ்ட் மேட்ச் முடியற வரைக்கும் பாக்குற ரசிகன். நீங்க எந்த டீம எடுத்தாலும் எனக்கு ஒரு லாபமும் இல்ல. ஆனா டிசம்பர் வந்தா போதும், நீங்க லிஸ்ட்ட படிக்க படிக்க வயிறு எரியுது. மூணு மாசம் அடிபட்டு உதைபட்டு ஆடுன பசங்களோட தலையெழுத்த ஒரு ரூமுக்குள்ள முடிவு பண்றீங்க, ஏன் அப்படி முடிவு பண்ணீங்கன்னு கேட்டா வருஷத்துக்கு ஒரு பதில் சொல்றீங்க. அதுதான் என் குறை.

2023 டிசம்பர் 3 ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். அந்த வருஷம் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 மேட்ச் ஆடி 13லயும் ஜெயிச்சிருந்தாங்க, ஏசிசி கான்ஃபரன்ஸோட (காலேஜ்கள் சேந்து ஆடுற லீக்) சாம்பியன். நவம்பர் 18ஆம் தேதி நார்த் அலபாமாவோட ஆடும்போது டீமோட ஆட்டத்தையே நடத்துற க்வாட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸுக்கு கால் உடைஞ்சுது, அவரோட சீசன் அங்கயே முடிஞ்சது. அடுத்த வாரம் ரெண்டாவது க்வாட்டர்பேக் டேட் ரோடமேக்கர வச்சு ஃப்ளோரிடாவ அவங்க ஊர்லயே போய் 24-15னு அடிச்சாங்க. அந்த மேட்ச்ல அவருக்கும் தலைல அடி, சரின்னு மூணாவதா இருந்த மொத வருஷப் பையன் ப்ராக் க்ளென்ன இறக்கி, டிஃபென்ஸ் முழுக்க தோள் குடுத்து தூக்கி, ஏசிசி ஃபைனல்ல லூயிவில் டீம 16-6னு ஜெயிச்சு கோப்பைய வாங்குனாங்க. ஒரு டீம் கிட்ட இதுக்கு மேல என்னங்க கேக்கணும்? மொத ஆள் போனாலும் ஜெயிச்சாங்க, ரெண்டாவது ஆள் போனாலும் ஜெயிச்சாங்க.

மறுநாள் நீங்க அவங்கள அஞ்சாவது இடத்துல வச்சீங்க. அப்ப ப்ளேஆஃப்ல நாலு டீமுக்குத்தான் இடம். அன்னைக்கு தலைவரா இருந்த பூ கோரிகன் டிவில வந்து, ட்ராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் மொத 11 வாரம் பாத்த அதே டீம் இல்லன்னு காரணம் சொன்னாரு. பெரிய கான்ஃபரன்ஸ்ல ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியன் ஆன டீம் வெளிய நின்னது அந்த நாலு டீம் காலத்துல அதுதான் மொத தடவ. அன்னைக்கு ட்ராவிஸ் எழுதுனத படிச்சேன். என் கால் சீசன் ஆரம்பத்துலயே உடைஞ்சிருக்கக் கூடாதா, இந்த டீம் க்வாட்டர்பேக் ஒருத்தன மட்டும் நம்பி இல்லன்னு நீங்க பாத்திருப்பீங்களேன்னு எழுதியிருந்தாரு. அடிபட்ட பையன், தன் கால் இன்னும் சீக்கிரம் உடைஞ்சிருக்கலாமேன்னு ஆசப்படுற நிலமைக்கு ஒரு விதி கொண்டு போய் விடுதுன்னா அந்த விதில கோளாறு இருக்கு.

விதி இருக்குங்கறது உண்மைதான், நான் மறுக்கல. முக்கியமான ஆட்டக்காரர் இல்லாம போறது இனிமே ஆடப்போற மேட்ச பாதிக்குமான்னும் பாக்கலாம்னு உங்க நெறிமுறைலயே இருக்கு. ஆனா அத எல்லாருக்கும் ஒரே மாதிரி பாத்தீங்களாங்கறதுதான் கேள்வி. 2014ல ஓஹையோ ஸ்டேட்டுக்கு என்ன ஆச்சு? மொத க்வாட்டர்பேக் ப்ராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே அவுட். அவருக்குப் பதிலா வந்த ஜே.டி. பாரெட் மிஷிகன் மேட்ச்ல கணுக்கால் உடைஞ்சு அவுட். மூணாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் வந்து பிக் டென் கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல விஸ்கான்சின 59-0னு துவம்சம் பண்ணாரு, நீங்க நாலாவது இடம் குடுத்தீங்க. அதுக்காக, அதுக்கு முந்தின வாரம் மூணாவது இடத்துல இருந்து, கடைசி மேட்ச 55-3னு ஜெயிச்ச டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) ஆறாவது இடத்துக்கு இறங்குச்சு. ஓஹையோ ஸ்டேட் உள்ள போய் அலபாமாவையும் அடிச்சு ஆரெகனையும் அடிச்சு பட்டமே வாங்கிட்டாங்க. அதாவது மூணாவது க்வாட்டர்பேக்க வச்சு பட்டம் வாங்க முடியும்ங்கறதுக்கு சாட்சியே உங்க மொத வருஷம்தான். 59-0 எங்க, 16-6 எங்கன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அப்ப எத்தன பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சா போதும்னு முன்னாடியே எழுதி வைங்க, பசங்க அதுக்கு ஏத்த மாதிரி ஆடட்டும்.

அந்த 2023 சீசன் முடிஞ்சு, ப்ளேஆஃபுக்கு வெளிய நடந்த ஆரஞ்ச் பவுல் மேட்ச்ல ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியா கிட்ட 63-3னு தோத்தாங்களே, கமிட்டி சரியாத்தான் பண்ணிருக்குன்னு இன்னைக்கும் சிலர் பேசுறாங்க. அந்த மேட்சுக்கு ஃப்ளோரிடா ஸ்டேட்ல இருந்து எத்தன முக்கியமான ஆட்டக்காரங்க ஆடாம ஒதுங்கிட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். பட்டத்துக்கு வழி இல்லன்னு கதவ சாத்துனப்புறம் ஆடுன மேட்ச, கதவ சாத்துனது சரின்னு காட்ட எடுத்துட்டு வர்றது எந்த ஊரு நியாயம்?

ப்ளேஆஃப்ல 12 டீம் ஆனா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்க. நானும் நம்புனேன். சண்ட நாலாவது இடத்துல இருந்து பத்தாவது இடத்துக்கு மாறுச்சு, வேற ஒண்ணும் மாறல.

2025 கதைய எடுங்க. ஆகஸ்ட் 31ஆம் தேதி மயாமி நாட்டர் டேம 27-24னு ஜெயிச்சுது. சீசன் முடியும்போது ரெண்டு டீமும் 10 ஜெயிச்சு 2 தோத்து சமமா நிக்குறாங்க. சமமா இருந்தா நேருக்கு நேர் மோதுனதுல யார் ஜெயிச்சாங்கன்னு பாக்கணும், தெருவுல விளையாடுற பசங்களுக்கே தெரியும். ஆனா நவம்பர்ல உங்க மொத பட்டியல்ல நாட்டர் டேம் 10, மயாமி 18. அப்புறம் வாரா வாரம் செவ்வாக்கிழமை நீங்க டிவில வந்து நாட்டர் டேம மேலயே வச்சிருந்தீங்க. டிசம்பர் 2ஆம் தேதி பட்டியல்ல கூட நாட்டர் டேம் 10, பிஒய்யு (பிரிகம் யங் யுனிவர்சிட்டி) 11, மயாமி 12. கடைசி ரெண்டு இடம் சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குப் போற நிலமைல 12ஆவதுன்னா வெளியதான். அந்த வாரக் கடைசில நாட்டர் டேமும் ஆடல, மயாமியும் ஆடல. டிசம்பர் 7ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பாத்தா மயாமி 10, நாட்டர் டேம் 11.

நீங்க சொன்ன காரணம், பிஒய்யு தோத்து கீழ இறங்குனதால ரெண்டு டீமும் பக்கத்து பக்கத்துல வந்துட்டாங்க, அப்பத்தான் நேருக்கு நேர் மேட்ச எடுத்துப் பாத்தோம்னு. அந்த மேட்ச திரும்ப போட்டுப் பாத்தோம்னும் சொன்னீங்க. எனக்கு முடிவுல தப்பு தெரியல, மயாமி உள்ள போனது சரிதான். ஆனா ஆகஸ்ட்ல நடந்த மேட்ச டிசம்பர்லதான் எண்ணுவீங்கன்னா, நடுவுல அத்தன செவ்வாக்கிழமை எதுக்குங்க அந்த பட்டியல்? நடுவுல ஒரு டீம் நின்னா ஜெயிச்சது ஜெயிச்சதா இல்லாம போயிடுமா? நாட்டர் டேம் பசங்க பக்கத்துல இருந்து யோசிங்க, ஒரு மாசம் நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு சொல்லிட்டு, அவங்க ஆடாத வாரத்துல வெளிய தள்ளுனா அவங்களுக்கு எப்படி இருக்கும். அவங்க வேற பவுல் மேட்சும் வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனாங்க. அது சரியா தப்பான்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த கோவத்துக்கு வித போட்டது உங்க செவ்வாக்கிழமை நிகழ்ச்சி. அந்தப் பக்கம் மயாமி என்ன பண்ணாங்க? உள்ள வந்து டெக்சஸ் ஏ அண்ட் எம்ம அவங்க ஊர்ல 10-3, ஓஹையோ ஸ்டேட்ட 24-14, ஓல் மிஸ்ஸ 31-27னு வரிசையா ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் போயிட்டாங்க. அஞ்சு நாள் முன்னாடி உங்க பட்டியல்படி வெளிய இருந்த டீம்!

அதே வாரக் கடைசில இன்னொன்னும் நடந்துச்சு, இத பத்தி பேசறவங்க கம்மி. அலபாமா எஸ்இசி கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல ஜார்ஜியா கிட்ட 28-7னு தோத்தாங்க, அது அவங்களுக்கு மூணாவது தோல்வி. பிஒய்யு பிக் 12 கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல டெக்சஸ் டெக் கிட்ட 34-7னு தோத்தாங்க, ரெண்டாவது தோல்வி, ரெண்டுமே அதே டெக்சஸ் டெக் கிட்டதான். அலபாமா ஒம்பதாவது இடத்துலயே அசையாம நின்னுச்சு. பிஒய்யு ஒரு படி இறங்குச்சு, அந்த ஒரு படிதான் மயாமிக்கும் நாட்டர் டேமுக்கும் நடுவுல இருந்த சுவர எடுத்துச்சு. கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல தோத்தா தண்டனை உண்டா இல்லையா? இருக்குன்னா ரெண்டு பேருக்கும் இருக்கணும், இல்லன்னா ரெண்டு பேருக்கும் இருக்கக் கூடாது. அலபாமாவோட ஷெட்யூல் கஷ்டம்னா அத எவ்வளவு எடைக்கு எடுத்துக்கிட்டீங்கன்னு ஒரு எண்ணா காட்டுங்க. வாயால சொன்னா அலபாமாங்கற பேருக்குக் குடுத்த மரியாதையாத்தான் ஊர் அத பாக்கும்.

பேர்னு சொன்னதும் சின்ன டீம்கள் ஞாபகம் வருது. 2017ல யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) ஒரு மேட்ச் கூட தோக்கல, உங்க கடைசி பட்டியல்ல 12ஆவது இடம். பீச் பவுல்ல அவங்க 34-27னு அடிச்ச ஆபர்ன் யாரு தெரியுமா, அந்த சீசன்ல ஜார்ஜியாவையும் அலபாமாவையும் தோக்கடிச்ச டீம், அந்த ரெண்டும்தான் அந்த வருஷ ஃபைனல்ல ஆடுச்சு. சின்ன கான்ஃபரன்ஸ் டீமுக்கு ப்ளேஆஃப் கதவு திறக்கறதுக்கு 2021ல சின்சினாட்டி 13-0னு வர வேண்டியிருந்துச்சு. 2025ல டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ள வந்ததுக்கு எவ்வளவு புலம்பல்! டுலேன் 41-10னு தோத்தாங்க, ஜேம்ஸ் மேடிசன் 51-34னு தோத்தாங்க, இதுங்களுக்கு எதுக்கு இடம்னு கேட்டாங்க. சரி, அலபாமா அடுத்த ரவுண்ட்ல இண்டியானா கிட்ட 38-3னு தோத்தாங்களே, அவங்களுக்கு எதுக்கு இடம்னு எத்தன பேர் கேட்டாங்க?

அந்த இண்டியானாவையும் 2024ல என்ன பேச்சு பேசுனாங்க. ஷெட்யூல் லேசு, யாரையும் ஜெயிக்கல, உள்ள வந்ததே தப்புன்னு. அடுத்த வருஷம் 16-0னு போய் மயாமிய அவங்க சொந்த ஊர் மைதானத்துலயே 27-21னு ஜெயிச்சு பட்டம் வாங்கிட்டாங்க. தோத்துத் தோத்தே பழகுன ப்ரோக்ராம் அது. அவங்க கோச் கர்ட் சிக்னெட்டி அதுக்கு முன்னாடி எங்க இருந்தாரு? ஜேம்ஸ் மேடிசன்லதான். பேர பாத்து மட்டும் எடுத்திருந்தா இந்தக் கதையே நடந்திருக்காது.

கம்ப்யூட்டர் கிட்ட குடுத்துடுங்கன்னு நான் சொல்லல. 130க்கு மேல டீம், ஆளுக்கு 12 மேட்ச், பாதிப் பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல, பொதுவான எதிராளியும் கிடையாது, இதுல மனுஷ முடிவு வேணும்தான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் மாதிரி ஜெயிச்ச கணக்கையும், சமமானா யார் மேலன்னு எழுதி வச்ச டைபிரேக்கரையும் வச்சு மட்டும் முடிக்க முடியாது, ஒத்துக்குறேன். ஆனா மனுஷன் முடிவு எடுத்தா யார் என்ன முடிவு எடுத்தாங்கன்னு தெரியணும்ல? ஏபி செய்தி நிறுவனத்தோட டாப் 25 பட்டியலுக்கு ஓட்டு போடுற பத்திரிகைக்காரங்க ஒவ்வொருத்தரோட ஓட்டும் வெளிய வருது. அந்த பட்டியல வச்சு யாருக்கும் ப்ளேஆஃப் இடம் கிடைக்காது. 2025ல உங்க ஓட்டால ஒரு டீம் உள்ள வந்தாலே அவங்க கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர் போச்சு, உங்க ஓட்டு மட்டும் ரகசியம். உங்கள்ல நிறைய பேரு இன்னைக்கும் ஏதோ ஒரு காலேஜ்ல அத்லெட்டிக் டைரக்டர் (விளையாட்டுத் துறைத் தலைவர்) வேலைல இருக்கறவங்க. உங்க காலேஜ் பத்தி பேச்சு வந்தா எழுந்து வெளிய போயிடுறீங்க, நல்ல வழக்கம். ஆனா உங்க கான்ஃபரன்ஸ்ல இருக்குற இன்னொரு காலேஜ் பத்தி பேசும்போது உள்ளதான இருக்கீங்க, அந்த டீம் உள்ள போனா வர்ற பணத்துல உங்க கான்ஃபரன்ஸுக்கும் பங்கு இருக்குல்ல. யாரையும் நேர்மை இல்லாதவங்கன்னு சொல்றதுக்காக இத எழுதல. நேர்மையா இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியறதுக்கு ஒரு வழி வேணும்னு கேக்குறேன்.

ஒளிபரப்பு உரிமை வச்சிருக்குற ஈஎஸ்பிஎன் டிவிலதான் அந்த செவ்வாக்கிழமை நிகழ்ச்சியும் வருது. வாரா வாரம் சண்ட மூட்டி பேச வைக்கறதுக்கு அது நல்லா உதவும், நியாயத்துக்கு அது எந்த உதவியும் பண்ணல. ஒரே ஒரு பட்டியல், கான்ஃபரன்ஸ் ஃபைனல் எல்லாம் முடிஞ்சப்புறம், போதும். இல்ல வாரா வாரம் குடுத்தே ஆகணும்னா, ஒவ்வொரு ரெண்டு டீமுக்கும் நடுவுல ஏன் இவங்க மேல அவங்க கீழன்னு எழுத்துல குடுங்க.

இத இப்பவே கேக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2026 சீசன்ல இருந்து நாட்டர் டேம் உங்க டாப் 12க்குள்ள வந்தாலே இடம் உறுதின்னு ஒப்பந்தம் ஆயிருக்கு. இனிமே நீங்க 12க்கும் 13க்கும் நடுவுல போடுற கோடு, இன்னொரு டீமோட இடத்த நேரடியா எடுக்கும் இல்ல குடுக்கும். அந்தக் கோட்ட போட்ட ஓட்டு ஒவ்வொண்ணும் பேரோட வெளிய வரணும்.

அதனால ஆகஸ்ட்ல மொத மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்க: நேருக்கு நேர் மோதுன மேட்ச எப்ப எண்ணுவீங்க, பக்கத்து பக்கத்துல இருந்தா மட்டுமா இல்ல எப்பவுமா, கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல தோத்தா என்ன ஆகும், ஆட்டக்காரர் அடிபட்டா அத கணக்குல எடுப்பீங்களா மாட்டீங்களா. என்ன கேட்டா அந்த அடிபட்ட விதிய மொத்தமா தூக்கிடணும், ஆடப்போற மேட்ச வச்சு ஆடி முடிச்ச மேட்ச அழிக்கக் கூடாது. நீங்க வேற மாதிரி முடிவு பண்ணாலும் பரவால்ல, ஆனா அத சீசனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நடுவுல மாத்தாதீங்க. கடைசி பட்டியல் வர்ற ஞாயித்துக்கிழமை அன்னைக்கே உங்க ஒவ்வொருத்தரோட ஓட்டையும் கூடவே போட்டுடுங்க.

இப்படிக்கு,
சனிக்கிழமை மேட்ச் ஒண்ணு விடாம பாக்குற ஒரு ரசிகன்