சைக்கிளுக்கும் ஒரு பாதை வேண்டும்

ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக மின்சார சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வழி 9 கிலோமீட்டர். மிதிக்கும்போது மோட்டார் கூடவே கைகொடுக்கும், மேடு வந்தால் யாரோ முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளிவிடுவது போல இருக்கும், சட்டை நனையாமல் போய்ச் சேர்ந்துவிடுவேன். 500 வாட்-மணி, அதாவது அரை யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி, ஒருமுறை சார்ஜ் செய்தால் எனக்கு இரண்டு நாள் தாங்குகிறது. அதே மின்சாரத்தில் ஒரு மின்சார கார் 3 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது, ஏனென்றால் ஒரே ஓர் ஆளுக்காக அது ஒரு டன்னுக்கும் மேலான தன் எடையையும் சேர்த்து இழுக்கிறது.

சரி, அப்புறம் ஏன் பலரும் தயங்குகிறார்கள்? பயம்தான். போன வாரம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது, கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் பாதை என்கிறார்கள். அதன் மேலேயே கார்கள் நிற்பதால் லாரிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கிறது. மானியம் எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் தடுப்பு வைத்த தனிப் பாதை கொடுங்கள். வண்டியைப் பூட்டிவைக்க இடமும் வேண்டும்: என் அலுவலகத்தில் கார் நிறுத்த இரண்டு தளம் இருக்கிறது, சைக்கிளைச் சாய்த்து வைக்க ஒரு கம்பிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்