எல்லாம் அத்தர்ப் போத்தல் அல்ல

ஆசிரியருக்கு,

வன்னியில் வளவு கொத்தும்போதும் பழைய கிணறு இறைக்கும்போதும் அகப்படுகிற கண்ணாடி மூடிப் போத்தல்கள் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகை எழுதியிருந்தது. படத்தில் இருந்த அத்தனையையும் ‘அத்தர்ப் போத்தல்’ என்று ஒரே பெயரில் முடித்துவிட்டீர்கள். அத்தர்ப் போத்தல் விரலளவுதான் இருக்கும். அரை லீற்றர் பிடிக்கிற போத்தலில் அத்தர் வைத்திருக்க இங்கே எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? பெயர் பிழைத்தால் பரவாயில்லை. அதை நம்பி யாராவது கழுவித் தேன் விட்டு வைத்தால்தான் வில்லங்கம்.

முதலில் மூடியின் தண்டை, அதாவது கழுத்துக்குள் இறங்கும் பகுதியைப் பாருங்கள். பனி படிந்தாற்போல் சொரசொரப்பாக இருந்தால், அந்த மூடியையும் கழுத்தையும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். வேறு மூடி அதில் சரியாக இராது. சிலவற்றில் இரண்டிலும் ஒரே இலக்கம் கீறியிருப்பது அதனால்தான். அமிலமும் அயடினும் தக்கையைத் தின்றுவிடும், ஈதர் பறந்துவிடும். அப்படிப்பட்ட சரக்குக்கும், டிஸ்பென்சறித் தட்டில் நின்று நாளுக்குப் பத்துத் தரம் திறபடுகிற போத்தலுக்கும் இந்த மூடி. நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோன காய்ச்சல் மிக்சருக்கு வெறும் தக்கைதான். போத்தலின் பக்கத்தில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் வேளைக்கோடுகள் இருக்கும்.

தண்டு வழுவழுப்பாக, தலை தட்டையாக இருந்தால் அது தக்கைச் சட்டை போட்டு அடைத்த மூடி. லீ அன்ட் பெரின்ஸ் சோஸ் போத்தல் அந்த வகை. கழுத்துக்குள் போளை கிடந்தால் சோடா. 1870களில் இங்கிலாந்தில் ஹிராம் கொட் உரிமம் பெற்ற அமைப்பு அது. உள்ளிருக்கும் வாயுவே போளையை மேலே தள்ளி றப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும்.

கவனம் வேண்டியது டிஸ்பென்சறிப் போத்தலில்தான். ஒடுங்கிய வாய் திரவத்துக்கு, அகன்ற வாய் தூளுக்கு. எழுத்து மிஞ்சியிருந்தால் இலத்தீன் சுருக்கமாக இருக்கும்: ‘டிங்க்ட்.’ என்றால் சாராயத்தில் ஊறவைத்தெடுத்த சாரம், ‘பல்வ்.’ தூள், ‘ஓல்.’ எண்ணெய். ‘ஓல். ரிசினி’ வேறொன்றுமில்லை, நம்முடைய ஆமணக்கெண்ணெய். ஆனால் ‘லிக். ஆர்செனிகாலிஸ்’ நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்செனிக் ஒக்சைட் கொண்ட கரைசல். ஒரு காலத்தில் காய்ச்சலுக்குத் துளிக்கணக்கில் கொடுத்தார்கள். கடும் நீலத்தில் அல்லது பச்சையில், பக்கங்களில் வரிவரியாக மேடு வைத்த போத்தல் நஞ்சுக்கு உரியது. இரவில் விளக்கில்லாமல் எடுத்தாலும் கைக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த வரிகள். எழுத்து அழிந்த போத்தலை நஞ்சுப் போத்தல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்த வாயின் சொரசொரப்பில் தங்கியது நாலு தரம் கழுவினாலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

வாயோரத்தில் மஞ்சள் பளிங்குகள் காய்ந்திருந்தால் மூடியைத் தொடவே வேண்டாம். பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். முன்பு தீப்புண்ணுக்கும் ஆய்வுகூடத்துக்கும் வாங்கியது. காய்ந்தால் மூடி உரசும் உரசலிலேயே வெடிக்கக்கூடியது. மிதிவெடி கண்டால் என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள்: விலகி நின்று பொலிஸுக்கு அறிவியுங்கள்.

வெறும் போத்தல் என்று தெளிவாகத் தெரிந்து, மூடி இறுகியிருந்தால், பொருத்தில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் சுடுநீரில் நனைத்த துணியைக் கழுத்தில் மட்டும் சுற்றுங்கள். மூடி சூடேறுமுன் கழுத்து விரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து சூடானால் பலனில்லை. பிறகு மரக்கைபிடியால் இரு பக்கமும் மாறிமாறி மெல்லத் தட்டித் திருகுங்கள். இழுத்தால் தலை முறிந்து தண்டு உள்ளே நின்றுவிடும். நெருப்பில் காட்டுவது கூடவே கூடாது. இவ்வளவுக்கும் அசையாவிட்டால் உள்ளே கோஸ்டிக் சோடா என்ற கடுங்காரம் இருந்திருக்கலாம். பரந்தன் தொழிற்சாலையில் அதை உற்பத்தி செய்தவர்களுக்குத் தெரியும்: அது கண்ணாடியையே மெல்லக் கரைத்து மூடியைக் கழுத்தோடு ஒட்டவைத்துவிடும், அதற்கு றப்பர் மூடிதான் போட வேண்டும். அப்படிப்பட்டதைத் திறக்க மினக்கெட வேண்டாம்.

திறந்ததைத் திரும்ப மூடும்போது இடையில் ஒரு கடதாசித் துண்டு வையுங்கள், மறுபடி இறுகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
மாங்குளம்