பட்டியலோடு நெகட்டிவையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனதுக்கு மிகவும் பிடித்த பத்துப் படங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 'உதிரிப்பூக்கள்', 'அந்த நாள்' இரண்டையும் எழுதினேன். 'தில்லானா மோகனாம்பாள்' சேர்ப்பதற்காக வேறொன்றை அடித்தேன், அப்புறம் அடித்ததையே திரும்ப எழுதினேன். முதல் இடத்துக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988).

அதை முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எதிர்வீட்டுக் கூடத்தில். அப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு கதவு, ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோயிருந்தது. முன்பணம் வாங்கிய மேஸ்திரி ஆளையே காணோம். அப்பா மட்டும் தினமும் சாயங்காலம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரை நனைத்துவிட்டு வருவார், நனைக்க வேண்டிய நாளெல்லாம் கடந்த பிறகும். படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய தன் வீட்டைப் பார்க்கப் போய், சுவரை மெல்லத் தடவிப் பார்ப்பார். பாட்டே இல்லாத படம் அது. அந்த இடத்தில் அவர் கையும் முகமும்தான் பேசும். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போயிருந்தார்.

பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது அந்தக் காட்சி நான் நினைத்து வைத்திருந்த அளவு நீளமாக இல்லை. சிமெண்ட் திருட்டைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் கட்டம் எனக்குச் சுத்தமாக மறந்தே போயிருந்தது. எவ்வளவு பிடித்த படமாக இருந்தாலும் நினைவை மட்டும் நம்ப முடியாது, படம் கையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனால் கதாநாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த அந்தப் படத்தின் நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுப்பதற்கான மூலப் படச்சுருள், இன்று இல்லை. 2014இல் மறைந்த பாலு மகேந்திராவே அதைச் சொல்லிச் சொல்லி வருந்தியிருக்கிறார். அவர் பேசியதைப் படித்த அன்று, சொந்த வீட்டுப் பத்திரம் தொலைந்துபோன மாதிரி இருந்தது எனக்கு.

முயன்றால் காப்பாற்ற முடியாததில்லை. லண்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகின் சிறந்த படங்களுக்கு வாக்கெடுப்பு நடத்துகிறது. 2022 பட்டியலில் 35ஆம் இடம் பெற்ற, சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் நெகட்டிவ், 1993இல் லண்டன் ஃபிலிம் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகியது. அதில் மிஞ்சியதை இத்தாலியின் போலோஞா நகரில் வைத்து, கெட்டுப்போன இடங்களுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2015இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கோ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். வாசகர்கள் தேர்ந்தெடுத்த படங்களை வெளியிடும்போது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் நெகட்டிவ் இருக்கிறதா, நல்ல பிரதியாவது எங்கேனும் இருக்கிறதா என்று தயாரிப்பாளர்களிடமும் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் விசாரித்துப் போடுங்கள். யாரிடமாவது 'வீடு' படத்தின் நல்ல திரையரங்கப் பிரதி இருந்தால், அவர்கள் உங்கள் இதழைப் பார்த்துத் தொடர்புகொள்ள ஒரு வழி கிடைக்கும்.

என் பத்துப் படங்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை