வள்ளத்தின் எஞ்சினையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சல் பகுதியில் 32 ஆண்டுகளாக மீன்பிடி வள்ளங்களின் பின்புறம் வெளியே பொருத்தும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். எத்தனால் என்ற எரிசாராயம் கலந்த பெட்ரோலைப் பற்றி நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் கடந்த ஒரு வருடத்துக்கும் மேலாக நடந்துவரும் விவாதங்களைத் தவறாமல் கவனித்து வருகிறேன். மைலேஜ் குறையுமா, பழைய பைக்கின் ரப்பர் பாகங்கள் கெடுமா, காப்பீடு கிடைக்குமா என்றெல்லாம் பேசப்படுகிறது. அதே பெட்ரோல் பங்கில் கேன் பிடித்துப் பெட்ரோல் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் காணவில்லை. சாலையில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்; கரையிலிருந்து பத்து கடல் மைல் தள்ளி நின்றுபோன வள்ளத்தை அப்படித் தள்ள முடியாது.

எங்கள் கடற்கரையில் பெட்ரோல் எப்படிப் பயன்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் வள்ளங்களில் கணிசமானவை மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைக் கொண்டவை. அவற்றைக் குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதால், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை திரும்பும்போது நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி, எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் பார்த்துக்கொள்வார்கள். அப்போதுதான் மறுநாள் விடியற்காலையில் இரண்டாவது இழுப்பில் எஞ்சின் எடுக்கும். ஆக, எஞ்சின் ஓயும் நேரமெல்லாம் கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கி நிற்பது பெட்ரோல்தான். ஒரு நாளைக்குச் செலவாகும் பெட்ரோலும் மிகக் குறைவு என்பதால், வாங்கிய கேன் தீர வாரக்கணக்கில் ஆகிறது. குறைவாகப் பெட்ரோல் செலவழிப்பவனிடம்தான் பழைய பெட்ரோல் அதிகம் இருக்கிறது. பெட்ரோலிலேயே ஓடும் எஞ்சின் வைத்திருப்பவனைவிட இவனுக்கே எத்தனாலால் வரும் தொல்லையும் அதிகம் என்பதை நான் வேலை செய்த எஞ்சின்களிலிருந்து கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், புயல் எச்சரிக்கை காரணமாக வள்ளங்கள் ஒன்பது நாட்கள் கரையேறிக் கிடந்தன. 2017-இல் ஒக்கிப் புயலில் எங்கள் மாவட்டம் பறிகொடுத்த உயிர்களுக்குப் பிறகு, எச்சரிக்கை வந்தால் யாரும் துணிந்து இறங்குவதில்லை, அது சரியானதும்கூட. எச்சரிக்கை விலகிய வாரத்தில் மட்டும் என் பட்டறைக்கு மூன்று எஞ்சின்கள் வந்தன. இரண்டில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் படிந்து, எரிபொருள் வரும் நுண்துளையான ஜெட் அடைத்திருந்தது. மூன்றாவது, பெட்ரோலிலேயே ஓடும் எஞ்சின். கரையிலிருந்து புறப்பட்ட கால் மணி நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. அதன் டாங்கியில் மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தேன். சற்று நேரத்தில் இரண்டாகப் பிரிந்து, மேலே, பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலின் நீல நிறத்தோடு பெட்ரோலும், கீழே நிறமற்ற இன்னொரு திரவமும் நின்றன. வள்ளத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பங்கில் தண்ணீர் கலந்து விற்றுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகத் தயாரானார். அவரை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எத்தனால் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். பெட்ரோல் தண்ணீரை ஏற்காது. இரண்டும் கலந்த எரிபொருளில் தண்ணீர் சேரும்போது, ஒரு அளவு வரை எத்தனால் அதைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அளவு மீறியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், சுமார் 15 டிகிரி வெப்பநிலையில், ஏறத்தாழ அரை சதவீதத் தண்ணீர் சேர்ந்தாலே இது நடக்கும்; 25 லிட்டர் டாங்கிக்கு அது ஒரு டீ கிளாஸ் தண்ணீர். 20 சதவீதக் கலவை இதைவிடச் சற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பிரிந்துவிட்டால், அந்த 25 லிட்டரில் இருக்கும் 5 லிட்டர் எத்தனாலில் பெரும்பகுதி அடியில் சேர்ந்துவிடுகிறது. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் டாங்கியின் அடியில்தான் இருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கேடு இங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்தான் அந்த எஞ்சினின் பேரிங்கையும் பிஸ்டனையும் காப்பாற்றும் ஒரே மசகு. கலவை பிரியும்போது ஆயில் பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடுகிறது. அடியிலிருந்து எஞ்சினுக்குள் போவது ஆயிலே இல்லாத, தண்ணீர் சேர்ந்த சாராயம். எஞ்சின் திணறியபடி சிறிது நேரம் ஓடலாம். அந்தச் சிறிது நேரமே பிஸ்டன் உராய்ந்து பிடிக்கப் போதும். மேலே நிற்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மை, குறைந்துபோனதுதான். குலுக்கிக் கலந்தால் சரியாகும் என்பதும், பாட்டிலில் விற்கும் மருந்தை ஊற்றினால் மறுபடி சேரும் என்பதும் வீண் நம்பிக்கை. பிரிந்ததைக் கொட்டி டாங்கியைத் துடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் கடற்கரையில் உலவும் மிகைப் பேச்சையும் நான் ஏற்கவில்லை. ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஓரிரவில் பெட்ரோல் தண்ணீராகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது மெதுவாக நடக்கும் வேலை. நான் பார்த்த பெரும்பாலான டாங்கிகளில் தண்ணீர் போன வழி வேறு: வெடித்த மூடி வாஷர், திறந்தே விடப்பட்ட காற்றுத் திருகு, மழையில் நனைந்த புனல், கேனின் கழுத்தில் தேங்கிய கடல்நீர். இவை எப்போதும் இருந்த அலட்சியங்கள்தான். முன்பு வெறும் பெட்ரோலாக இருந்தபோது, கொஞ்சம் தண்ணீர் போனால் அடியில் முத்து முத்தாகத் தனியாக நிற்கும். ஃபில்டர் கிண்ணத்தில் பார்த்து வடித்துவிடுவோம். இப்போது அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்து இருந்துவிட்டு, குளிர்ந்த ஒரு இரவில் மொத்தமாக இறங்குகிறது. பழைய அலட்சியத்துக்குப் புதிய எரிபொருள் அதிக விலை கேட்கிறது.

தண்ணீரே சேராவிட்டாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 மடங்கு. புதிய கார்களில் சென்சார் இதைக் கண்டுபிடித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். எங்கள் கார்புரேட்டரில் ஜெட்டின் துளை என்ன அளவோ அதுதான். ஆகவே எரிபொருள் குறைந்த கலவையில் எஞ்சின் கூடுதலாகச் சூடாகிறது. பைக்கைப் போல ஏறி இறங்கி ஓடும் எஞ்சின் அல்ல இது. மீன் இருக்கும் இடம் போய்ச் சேரும்வரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முழு த்ராட்டிலில் நிற்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரே இல்லாத எங்கள் எஞ்சினுக்கு அந்தக் கணக்கை எப்படிப் பொருத்துவது என்று அமைச்சகம்தான் சொல்ல வேண்டும்.

அவுட்போர்டு எஞ்சின் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் கையேடுகளில் 10 சதவீதம் வரை எத்தனாலை அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் 15 சதவீதக் கலவையை 2001-ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு அனுமதித்தபோதே, படகு எஞ்சின்களில் அதை ஊற்றக் கூடாது என்று தடை விதித்து, பெட்ரோல் பம்பிலேயே அந்த எச்சரிக்கையை ஒட்டவைத்தார்கள். நம் நாட்டில் 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டினோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதப் பெட்ரோல் அறிமுகமானது. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கு 2025-க்கே நிறைவேறிவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதையும் கரும்பு விவசாயிக்குப் பணம் போய்ச் சேர்வதையும் நான் குறை சொல்லவில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்ததையும் அறிவேன். நாடு முழுவதற்கும் தனிப் பெட்ரோல் கேட்க நான் வரவில்லை. கடற்கரைக் கிராமங்களை ஒட்டிய பங்குகளில் கலப்பு எத்தனை சதவீதம் என்று கொட்டை எழுத்துத் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகங்களில் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நடத்தும் எரிபொருள் நிலையங்களில், 10 சதவீதத்துக்கு மிகாத பெட்ரோல் கிடைக்க மாநில அரசு எண்ணெய் நிறுவனங்களோடு பேச வேண்டும். மானியத்தில் வழங்கப்படும் எஞ்சின் எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையை மீன்வளத்துறை சேர்க்க வேண்டும். இந்த மூன்றாவது கோரிக்கைக்குச் செலவே இல்லை.

அதுவரை வள்ளத்துக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடியவை உண்டு. ஒரு வாரத்துக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் வாங்குவது முதல் காரியம்; ஆயிலை அன்றன்றைக்குத் தேவையான அளவில் மட்டும் கலக்க வேண்டும். ஆயில் கலக்காத மிச்சம் இருந்தால், கெடுவதற்கு முன்பே பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம். எச்சரிக்கை வந்து நான்கைந்து நாள் கடலுக்குப் போக முடியாது என்று தெரிந்தால், எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, குளிர்நீர் ஓட்டம் இருக்கும்படி தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரைக் காலிசெய்ய வேண்டும். அதன் பிறகும் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிட வேண்டும். நான் சொல்வதிலேயே மிகவும் பயன் தருவதும், சோம்பலால் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். டாங்கியின் காற்றுத் திருகைக் கரையில் மூடி, கடலில் திறக்க வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். ஆனால் எத்தனாலில் கரைந்த தண்ணீரை அந்த ஃபில்டர் பிரிக்காது என்பதால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. பழைய டாங்கியில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், மாறிய தொடக்கத்தில் ஃபில்டரைப் பலமுறை பார்க்க வேண்டியிருக்கும். குழாயையும் கையால் அமுக்கும் ரப்பர் பம்பையும் விரலால் அழுத்திப் பார்த்து, உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். மலிவான போலிக் குழாய்கள் இந்தப் பெட்ரோலில் வெகுவிரைவில் கெடுகின்றன. நல்ல தண்ணீரில் ஃப்ளஷ் செய்வது, இம்பெல்லர், பிளக், கியர் ஆயில் ஆகியவற்றைப் பார்ப்பது பற்றி நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அறிய ஒரு எளிய சோதனையும் உண்டு. நேரான பக்கங்களுள்ள குறுகிய கண்ணாடிப் புட்டியில் ஒரு பங்கு தண்ணீரும் பத்துப் பங்கு பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் விட வேண்டும். அடியில் நிற்பது ஒரு பங்காகவே இருந்தால் எத்தனால் இல்லை. இரண்டு பங்கானால் 10 சதவீதம். மூன்று பங்கானால் ஏறத்தாழ 20 சதவீதம். பீடி பற்றவைத்தபடி இதைச் செய்ய வேண்டாம். அன்று சண்டைக்குக் கிளம்பிய வள்ளத்துக்காரரோடு, அதே பெட்ரோல் பங்கில் புதிதாக வாங்கிய பெட்ரோலில் இந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக நின்றது. பெட்ரோல் பங்குக்காரர் மேல் தவறில்லை என்று அவர் ஒப்புக்கொண்டாலும், இதை முன்பே ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இறுதியாக ஒன்று. பிரிந்துபோன இந்தப் பெட்ரோலைக் கடலிலோ மணலிலோ கொட்டாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி, நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன். பட்டறையின் பின்புறம் இப்போது மூன்று கேன்களில் நாற்பது லிட்டருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. அதைப் பாதுகாப்பாக எங்கே ஒப்படைப்பது என்று மீன்வளத்துறையோ மாசுக்கட்டுப்பாட்டு வாரியமோ தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்தால், என் செலவிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.