அது வழி தவறி வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை நெல்லைப் பதிப்பின் ஐந்தாம் பக்கத்தில், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் பிடிபட்ட பறவையைப் பற்றிச் செய்தி வந்திருந்தது. 'வழி தவறி வந்த அரிய வெளிநாட்டுப் பறவை' என்று தலைப்பு. படத்தில் ஒரு பையன் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். கீழே, அக்கம்பக்கத்தினர் ஆர்வத்துடன் செல்ஃபி எடுத்துச் சென்றதாக ஒரு வரி. காலையில் படித்தது, மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐயா, அது ஆறுமணிக்குருவி. வெளிநாட்டிலிருந்து வரவில்லை, வழியும் தவறவில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே இறங்கி வருகிற குருவி. சில இலங்கை வரைக்கும் போகும். சித்திரை வாக்கில் திரும்பிவிடும். மைனாவைவிடச் சின்ன உடம்பு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு குட்டை வால். அதை வைத்துக்கொண்டு இராத்திரி இராத்திரியாகப் பறந்து வந்து, விடியும்போது எங்கே மரம் தெரிகிறதோ அங்கே இறங்கும். இறங்குகிற அன்றைக்கு அதற்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்தக் களைப்பைத்தான் உங்கள் நிருபர் 'மனிதர்களிடம் பயமின்றிப் பழகியது' என்று எழுதியிருக்கிறார்.

காலை ஆறு மணி, சாயந்தரம் ஆறு மணி சுமாருக்கு இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, சந்தன நிற நெஞ்சு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, சிறகில் நீலம், கண்ணுக்கு மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறம் இருந்தும் சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே திரிவதால் கண்ணில் படாது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு மாமரமும் வாழைக்கொல்லையும் உண்டு. சத்தம் கேட்ட முதல் நாள் ஆச்சி சொல்லுவாள்: "ஏல, குருவி வந்துட்டு. விறகை எல்லாம் உள்ள எடுத்து வையி, இனி மழை பிடிச்சிரும்." ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அந்தக் குருவிக்கு அவளிடம் ஒரு பெயர் இருந்தது, வருகிற மாதம் இருந்தது. உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் கேட்டிருந்தால்கூட ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று இன்னும் நம்புகிறேன்.

நான் 31 வருடம் இந்த ஊர்களில் சைக்கிளில் தபால் கொடுத்தவன். டவுன், ஜங்ஷன், பேட்டை, பாளை என்று எல்லா பீட்டும் பார்த்திருக்கிறேன். கையில் பைனாகுலர் கிடையாது, பையில் கடிதம்தான் இருக்கும். அப்படியும் ஐப்பசி பிறந்தால் இந்த நகரத்துக்குள் யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேய்ந்தான்குளத்தில் நெடுங்கால் உள்ளான் நிற்கும். நயினார்குளத்தில் தண்ணீர் பெருகிவிட்டால் நீலச்சிறகி கூட்டமாக மிதக்கும், அதற்குள்ளே தேடினால் சில வருடம் ஊசிவால் வாத்தும் கிடைக்கும். பழுப்புக் கீச்சான் ஒரு முள்மரத்தைப் பிடித்துக்கொண்டால் மாசி வரைக்கும் வேறு யாரையும் அண்ட விடாது. பேட்டை ரோட்டில் ஒரே வேலிக்கம்பியில் நான்கு வருடம் தொடர்ந்து ஒரு கீச்சானைப் பார்த்தேன். ஒரே குருவிதானா என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் சூறைக்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிறது. உண்மையிலேயே வெளிநாடு என்றால் அதுதான். சாயந்தரம் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஒரு ஓரமாக நின்று மேலே பார்த்தால், அடைய வரும் கூட்டம் புகைபோல் சுருண்டு, விரிந்து, திரும்பச் சுருளும். கீழே அத்தனை பேர் போகிறார்கள், ஒருவர் தலை நிமிர்வதில்லை. ஒரு தரம் ஒரு பெரியவர் என்னிடம், "என்ன தம்பி, கீழ விழுந்திருவியா?" என்று பதறிக் கேட்டார். காட்டினேன். அவரும் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. போன வருடம் உங்கள் ஞாயிறு இணைப்பில், பறவை பார்க்க வேண்டுமானால் வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு கிளம்புங்கள் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். வேடந்தாங்கல்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நெல்லைப் பதிப்பில் அல்லவா அது வந்தது. கடனா ஆறு தாமிரபரணியில் சேருகிற திருப்புடைமருதூர், ஊர்க்காரர்களே பறவைகளைக் காப்பாற்றியதால் 2005இல் நாட்டின் முதல் காப்பு ஒதுக்கிடமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளம் 1994 முதல் சரணாலயம், பின்னால் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. திபெத்திலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வருகிறது. வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று வைத்திருக்கிற ஊர் அது. தங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்த இரண்டு பக்கத்தில் இந்த இரண்டு ஊருக்கும் ஒரு வரி கிடைக்கவில்லை.

அதற்கு முந்தின வருடம் கூந்தன்குளத்துப் படம் ஒன்று போட்டீர்கள். மஞ்சள் மூக்கு நாரையை 'பெலிக்கன் கொக்கு' என்று அச்சிட்டிருந்தது. பெலிக்கனுக்குக் கூழைக்கடா என்று தமிழில் பெயர் இருக்கிறது, நாரைக்கும் கொக்குக்கும் கழுத்தைப் பார்த்தே வித்தியாசம் சொல்லலாம். அன்றைக்கே கடிதம் போட்டேன், பதில் இல்லை. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. காலேஜ் பிள்ளைகள் விடியலுக்கு முன்னால் எழுந்து குளம் குளமாகப் போகிறார்கள். அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம், மருந்து வாங்கப் போன இடத்தில், முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கடையின் வாசலில் ஆறுமணிக்குருவி ஒன்று செத்துக் கிடந்தது. காவலாளி துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்தார். இராத்திரி முழுவதும் எரிகிற விளக்கும் அந்தக் கண்ணாடியும்தான் அதைக் கொன்றிருக்க வேண்டும். என் உள்ளங்கையில் அது கனமே இல்லை. மருந்து வாங்காமல் வீட்டுக்கு வந்து முருங்கை மரத்தடியில் குழி தோண்டி வைத்தேன். அதைப் பற்றியும் தங்களுக்கு எழுதினேன், இன்லண்ட் லெட்டர் நிறைய எழுதினேன். அது வெளிவரவில்லை. இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதே குருவி மூன்று பத்தி அகலத்தில் படமாக வந்திருக்கிறது, பையனின் பிடிக்குள்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நாளைக்கு இன்னொரு தெருவில் இன்னொன்று இறங்கும், இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் படத்தைப் பார்த்த பிள்ளைகள் அதையும் பிடிப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே ஐந்தாம் பக்கத்தில், அது ஆறுமணிக்குருவி, வருடா வருடம் வருவது என்று ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே நான்கு வரி: களைத்து விழுந்த குருவி கிடைத்தால் காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். பூனையை மட்டும் தள்ளி வையுங்கள்.

செய்தியில் அந்தக் குருவி கடைசியில் என்ன ஆயிற்று என்று இல்லை. யாராவது விட்டார்களா, பறந்ததா? நிருபருக்குத் தெரிந்திருந்தால் அதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பது வருட வாசகன்,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பாளையங்கோட்டை